படுக்கைகளும் பணியிடங்களும்

சென்னையில் பிறந்து வளர்ந்தவர் எவரும் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயர் வசைச் சொல்லாக வழங்குவதைக் கேட்டிருப்பர். மயிலாப்பூரின் மாட வீதிகளிலும், தியாகராய நகரின் கடைத்தெருக்களிலும், அடையாற்றுப் பாலத்தருகிலும் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்யும்போது, 'இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும்' என்பர். நல்ல தோட்டங்களும் அகன்ற சாலைகளும் கொண்ட ஒரு பகுதிக்கு இந்த அவப்பெயர் வந்ததற்குக் காரணம், அங்கு நிற்கும் அரசினர் மனநோய் மருத்துவமனை. அவ்வாறு பேசுவது தவறு என்று கண்டித்துரைப்பது என் நோக்கமன்று. அதனைத் தமிழாசிரியர்கள் செய்துகொள்வர். அந்த மருத்துவமனையிலும், அதனோடு இணைந்து வளர்ந்த கல்லூரித் துறையிலும் பணி செய்தவர்கள் யார், எத்தனை பேர், என்ன பயிற்சி பெற்றவர்கள், யாருடைய அதிகாரத்தின்கீழ் இருந்தவர்கள் என்னும் கேள்விகளையே இப்பேச்சில் எடுத்துக்கொள்கிறேன்.

இது வறண்ட பொருளாகத் தோன்றலாம். மருத்துவ வரலாறு என்றால் புதிய மருந்தின் கதையையோ, பெருமருத்துவர் ஒருவரின் வாழ்க்கையையோ கேட்கவே நாம் விரும்புகிறோம். 'உதவிப் பேராசிரியர் பணியிடம் ஒன்று அனுமதிக்கப்படுகிறது' என்னும் அரசாணை வரியை யாரும் ஆர்வத்தோடு படிப்பதில்லை. ஆயினும் மனநோய் மருத்துவத்தைப் பொறுத்தவரை அந்த ஒரு வரியிலேதான் பலருடைய வாழ்வு தங்கியிருக்கிறது. எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப்போட்டால் அவன் வீட்டுக்குப் போய்விடுவான். மனநோயாளி குணமடைந்த பின்னும், அவனுடைய ஊரைக் கண்டறிந்து, உறவினருக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய அச்சத்தைப் போக்கி, அவனை ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால், குணமடைந்தவனும் கூடத்திலேயே முதுமை எய்துவான். மருந்துக்கு இங்கே இரண்டாம் இடந்தான்.

கதை 1794ஆம் ஆண்டில் தொடங்குகிறது. கும்பினி ஆட்சியில் வாலண்டைன் கானலி என்னும் அறுவை மருத்துவர், புரசைவாக்கத்தில் வாடகை நிலத்தில் அமைந்த ஒரு வீட்டில் 16 பேருக்கு இடமுள்ள பித்தர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அது அரசாங்கத்தின் மருத்துவமனையன்று. தனியார் ஒருவரின் உடைமை. அங்கு வைக்கப்பட்ட நோயாளிகளுக்காகக் கும்பினியார் பணம் கொடுத்தனர். கானலிக்குப் பின் அது மாரிஸ் பிட்ஸ்ஜெரால்டு என்பவரிடமும், அவருக்குப் பின் ஜேம்ஸ் டால்டன் என்பவரிடமும் கைமாறிற்று. டால்டன் 1807ஆம் ஆண்டளவில் அதனைப் புதுக்கிக் கட்டி 54 பேருக்கு இடம் செய்தார். ஊரார் அதனை டால்டனின் பைத்திய ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர்.

இந்த ஏற்பாட்டில் உள்ள முரண்பாட்டை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நோயாளிக்கு மருத்துவரும் அவர், வீட்டுக்கு உரிமையாளரும் அவர், கணக்கு எழுதிப் பணம் பெறுபவரும் அவர். நோயாளி விரைவில் குணமானால் அவருக்கு வருமானம் குறையும். நாட்கணக்கில் தங்கினால் கூடும். கானலியோ டால்டனோ தீயவர் என்று நான் கூற வரவில்லை. நல்லவராயினும் அவரைத் தவறான திசையில் இழுக்கும் பதவியாக அது அமைந்திருந்தது என்பதே செய்தி. ஊழியரின் குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஊழியத்தின் அமைப்பைப் பார்ப்பது நலம்.

அதே ஆண்டுகளில் பாரிஸ் நகரில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிசேத்தர் மருத்துவமனையில் பினெல் என்னும் மருத்துவர் பித்தரின் விலங்குகளை நீக்கினார் என்று நூல்களில் படிக்கிறோம். ஓவியங்களும் அவ்வாறே காட்டுகின்றன. உண்மையில் அங்கே 1797ஆம் ஆண்டில் விலங்குகளை அகற்றியவர் பூசன் என்னும் கண்காணிப்பாளர். அவர் மருத்துவர் அல்லர். தோல் பதனிடும் தொழில் செய்தவர். கண்டமாலை நோய்க்காக அதே மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, பின்னர் அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். அவருடைய மனைவியும் அவருடன் பணி செய்தார். பூசன் தம் உதவியாளரைத் தேர்ந்தெடுத்த முறை வியப்பானது: குணமடைந்த நோயாளிகளையே அவர் வேலைக்கு எடுத்தார். நோயின் கொடுமையை அறிந்தவர்கள் பிறரை அடிக்க மாட்டார்கள் என்பது அவர் கண்ட அனுபவம். பினெல் அவரிடம் கற்றுக்கொண்டதாகத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். புகழ் பேராசிரியருக்குப் போயிற்று. இது புதிய செய்தியன்று என்று கல்லூரி அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் சிரிக்கக்கூடும்.

சென்னைக்குத் திரும்புவோம். 1858ஆம் ஆண்டில் கும்பினி ஆட்சி நீங்கி அரசியாரின் ஆட்சி வந்தது. அதே ஆண்டில் பித்தர் இல்லங்களுக்கான சட்டமும் வந்தது. 1871ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் 'லோக்காக் தோட்டம்' எனப் பெயர் பெற்ற பரந்த நிலத்தில் அரசாங்கமே இல்லத்தை அமைத்தது. தொடக்கத்தில் 145 நோயாளிகள் இருந்தனர். உடைமையாளர் போய் உத்தியோகஸ்தர் வந்தார். இலாப நோக்கம் ஒழிந்தது உண்மையே. ஆனால் அதனிடத்தில் வேறொன்று வந்து அமர்ந்தது. அக்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில் பித்தர் இல்லங்கள் சிறைச்சாலைத் தலைமை அதிகாரியின் மேற்பார்வையில் இருந்தன. 1905ஆம் ஆண்டையொட்டித்தான் அவை சிவில் மருத்துவ அதிகாரிகளின் பொறுப்புக்கு மாறத் தொடங்கின. வார்டர், பூட்டு, எண்ணிக்கை எடுத்தல், தப்பியோடியவர் பட்டியல் ஆகிய சிறைச்சாலைச் சொற்களும் பழக்கங்களும் அதற்குப் பின்னும் நெடுநாள் நீங்கவில்லை.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டத்தைப் படித்தால் இந்தப் பழக்கத்தின் வேர் தெரியும். ஒருவரை உள்ளே சேர்ப்பதற்குப் பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும். ஒவ்வோர் இல்லத்துக்கும் பார்வையாளர்கள் மூவருக்குக் குறையாமல் நியமிக்கப்பட வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் மருத்துவ அதிகாரியாக இருக்க வேண்டும். சிறைச்சாலைத் தலைமை அதிகாரி பதவி வழியாகவே பார்வையாளர் ஆவார். மாதத்துக்கு ஒரு முறையேனும் பார்வையாளர் இருவர், அவர்களுள் ஒருவர் மருத்துவராக, இல்லத்தின் ஒவ்வொரு பகுதியையும் சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். நோயாளியை வெளியே அனுப்ப மூன்று பார்வையாளரின் ஆணை வேண்டும். அவர்களுள் ஒருவர் மருத்துவ அதிகாரி. சட்டம் கொடியதன்று. தானே விரும்பி வந்து சேர்பவருக்கும் அது வழி செய்தது. பொய்யாகப் பித்தர் எனக் குற்றஞ்சாட்டிச் சொத்தைப் பறிக்கும் உறவினரிடமிருந்து காப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் கதவைக் காப்பவரைப் பற்றி விரிவாகப் பேசிய அச்சட்டம், கதவுக்கு உள்ளே சிகிச்சை செய்ய எத்தனை மருத்துவர், எத்தனை செவிலியர் வேண்டும் என்று கூறவில்லை. அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள்.

1922ஆம் ஆண்டில் 'பித்தர் இல்லம்' என்னும் பெயர் நீங்கி 'அரசினர் மனநோய் மருத்துவமனை' என்னும் பெயர் வந்தது. பெயர் மாறியவுடன் பணியாளர் மாறிவிடவில்லை. அக்காலத்தில் இந்த நாட்டில் மனநோய் மருத்துவத்தில் பட்டயம் பெற விரும்பினால் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போக வேண்டும். இராஞ்சியில் ஐரோப்பியருக்கென இருந்த மனநோய் மருத்துவமனையைப் பெர்க்லி ஹில் என்பவர் திறம்பட நடத்தி, 1922ஆம் ஆண்டில் அதனை இலண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டயத் தேர்வோடு இணைத்தார். இந்திய மண்ணில் பயிற்சி, இலண்டனின் முத்திரை! சென்னை மருத்துவக் கல்லூரி 1835ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டினது. இவ்வளவு பழமை வாய்ந்த கல்லூரியும் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருந்தும், மனநோய் மருத்துவம் நெடுங்காலம் கல்லூரிக்கு வெளியே, மதிலுக்குள்ளே நின்றது.

இந்நிலையை எண்ணிக்கையில் வைத்துக் காட்டியவர் மூர் டெய்லர் என்னும் அதிகாரி. போர் முடிந்த காலத்தில், இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் குழுவினருக்காக அவர் 19 மனநோய் மருத்துவமனைகளைப் பார்வையிட்டார். அக்குழுவின் அறிக்கை 1946ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறத்தாழ 40 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் மனநோயாளிக்கான படுக்கைகள் 10,000க்குச் சற்று மேல். இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒரு படுக்கை இருந்த காலத்தில் இங்கு 40,000 பேருக்கு ஒன்று. இந்த இரண்டு எண்களைக் கண்டவர் யாரும் 'இன்னும் படுக்கைகள் கட்டுங்கள்' என்றுதான் சொல்லியிருப்பர். டெய்லர் அவ்வாறு சொல்லவில்லை என்பதே அவருடைய அறிக்கையின் சிறப்பு. தாம் பார்த்த மருத்துவமனை ஒவ்வொன்றும் வெட்கப்படத்தக்க அளவில் பணியாளர் குறைவுடையது என்றார். இருக்கும் சிலரால் நோயாளியை மேலோட்டமாகப் பார்க்க முடியுமேயன்றி, மாணவருக்குக் கற்பிக்கும் சுமையையும் தாங்க முடியாது என்றார். செங்கல்லும் சுண்ணாம்பும் நோயைத் தீர்க்கமாட்டா. மருத்துவரும் செவிலியரும் பிற ஊழியரும் போதிய அளவில் வேண்டும் என்பது அவர் கருத்து.

அறிவுரை எளிது, ஆட்கள் எங்கே? இங்கேதான் பல்கலைக்கழகத் துறைகளுக்கே உரிய ஒரு நச்சுவட்டம் எதிர்ப்படுகிறது. பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லாததால் பேராசிரியர் பணியிடம் நிரம்பாது. பேராசிரியர் இல்லாததால் மேற்படிப்புக்கு இடம் அனுமதிக்கப்படாது. மேற்படிப்பு இல்லாததால் பயிற்சி பெற்ற மருத்துவர் உருவாகார். வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். போர் குழுவின் பரிந்துரைப்படி 1954ஆம் ஆண்டில் பெங்களூரில், மைசூர் அரசினர் மனநோய் மருத்துவமனையோடு இணைந்து, அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் எம். வி. கோவிந்தசாமி. மருத்துவருக்கு மனநோய் மருத்துவப் பட்டயம், உளவியல் கற்றவருக்கு மருத்துவ உளவியல் பட்டயம், பின்னர் செவிலியருக்கும் சிறப்புப் பயிற்சி என அது கதவுகளைத் திறந்தது. மனநோய்த் துறை என்பது மருத்துவர் ஒருவர் மட்டும் நடத்தும் தனிக் கச்சேரியன்று. உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோர் கூடியது என்னும் கருத்து இந்நாட்டில் வேரூன்றியது அங்கேதான்.

சென்னையிலும் ஒரு துணை முயற்சி நடந்தது. 1952ஆம் ஆண்டில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னை சமூகப் பணிப் பள்ளி தோன்றியது. மருத்துவமனையில் சமூகப் பணியாளர் என்பது அதுவரை பலர் கேள்விப்படாத உத்தியோகம். நான் முன்பு சொன்ன கடிதம் எழுதும் ஆள், ஊரைத் தேடிப் போகும் ஆள், இப்படிப்பட்ட பள்ளிகளிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

ஆள் கிடைக்காத இடத்தில் வேறு வழி கண்டவர்களையும் மறக்கலாகாது. அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் 1950களில் வித்யாசாகர் என்னும் மருத்துவர், நோயாளிகளின் குடும்பத்தாரையே அழைத்து வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்தார். தாயும் தமையனும் உடனிருந்து பார்த்துக்கொண்டனர். மாலையில் அவர் எல்லோருக்கும் சேர்த்து நோயைப் பற்றி விளக்கினார். சம்பளப் பட்டியலில் இடம்பெறாத செவிலியர்கள் அவர்கள். ஒரு பயனைக் கருதிச் செய்தது மற்றொரு பயனையும் தந்தது: உடன் தங்கிய குடும்பம் நோயாளியைக் கைவிடுவதில்லை. நம் மாநிலத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் என்னும் கனடா நாட்டு மருத்துவர் தொடங்கிய மனநலப் பிரிவும், 1950களின் பிற்பகுதியிலிருந்து குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் வழியையே மேற்கொண்டது. மேனாட்டார் பின்னாளில் இதனை வியந்து எழுதினர். நமக்கு இதில் வியப்பில்லை. நோயாளியைத் தனியே ஆஸ்பத்திரியில் விட்டுவருவதுதான் தமிழ்க் குடும்பத்துக்குப் புதுப்பழக்கம்.

இதற்கிடையில் அரசியல் வரலாறும் கீழ்ப்பாக்கத்தின் சுமையைக் கூட்டியது. பழைய சென்னை மாகாணத்தில் வால்டேரிலும் கோழிக்கோட்டிலும் மனநோய் மருத்துவமனைகள் இருந்தன. 1953ஆம் ஆண்டில் ஆந்திரம் பிரிந்தபோது வால்டேர் அதனோடு சென்றது. 1956ஆம் ஆண்டில் மலபார் கேரளத்தோடு சேர்ந்தபோது கோழிக்கோடு சென்றது. கன்னியாகுமரியிலிருந்து திருத்தணி வரை தமிழ்நாட்டுக்கென எஞ்சிய அரசு மனநோய் மருத்துவமனை கீழ்ப்பாக்கம் ஒன்றே. இரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து மகனைக் கொண்டுவந்து விட்ட ஏழைத் தந்தை, அவனைப் பார்க்க மறுபடியும் வர வழியேது? படுக்கைகளின் எண்ணிக்கை பின்னர் 1,800 வரை உயர்ந்தது. அதனையும் மிஞ்சி நோயாளிகள் இருந்த காலங்கள் உண்டு.

இந்த நிலையில்தான் 1959ஆம் ஆண்டில் சாரதா மேனன் அங்குப் பணியில் சேர்ந்தார். 1923ஆம் ஆண்டில் மங்களூரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1951ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர். தில்லி இர்வின் மருத்துவமனையில் பயிற்சி பெற்ற பின், பெங்களூர் நிறுவனத்தில் மனநோய் மருத்துவம் பயின்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநோய் மருத்துவர் என்று அவரைக் குறிப்பிடுவர். நச்சுவட்டம் வெட்டப்பட்டதன் பயன் என்ன என்று கேட்பவருக்கு அவரையே விடையாகக் காட்டலாம்: பெங்களூரில் ஒரு படிப்பு தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் சென்னைக்கு ஒரு நிபுணர் கிடைத்தார். 1961ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்பதவியில் அமர்ந்த முதல் பெண் அவரே. 1978ஆம் ஆண்டு வரை அதனை வகித்தார்.

பதினேழு ஆண்டுகள் ஒருவரே தலைமையில் நீடித்தது சாதாரணச் செய்தியன்று. அரசுப் பணியில் மாறுதல் ஆணை மூன்றாண்டுக்கு ஒரு முறை வந்து, தொடங்கியவர் ஒருவர், முடிப்பவர் வேறொருவர் என்றாவதுண்டு. பல வேளைகளில் முடிப்பவரே இல்லாமற் போவதும் உண்டு. சாரதா மேனன் செய்த மாறுதல்கள் ஒரு நாளில் செய்யக்கூடியன அல்ல. புறநோயாளிப் பிரிவு வலுப்பெற வேண்டும். அதற்கு மருத்துவர் தொடர்ந்து இருக்க வேண்டும். நோயாளிகள் வேலை பழகத் தொழிற்பயிற்சி மையம் வேண்டும். அதற்குக் கைத்தொழில் அறிந்த பயிற்றுநர் வேண்டும். மருத்துவமனைக்கு வெளியேயுள்ள தொண்டு நிறுவனங்களின் துணை வேண்டும். அவர் வந்தபோது மருத்துவமனை இருந்தது. மனநோய் மருத்துவத் துறை என்று சொல்லத்தக்க அமைப்பு இருக்கவில்லை. அது உருவானதில் அவருடைய பங்கு பெரிது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநோய்ப் பிரிவுகள் ஏற்பட வேண்டும் என்னும் அரசு முடிவுக்கும் அவருடைய வற்புறுத்தல் காரணமாயிற்று. சென்னையில் கூட்டம் குறைய வேண்டுமானால் மதுரையிலும் திருநெல்வேலியிலும் மருத்துவர் அமர வேண்டும் என்பது எளிய கணக்குத்தானே!

காலமும் அவருக்கு உதவிற்று. 1952ஆம் ஆண்டில் பாரிஸில் டிலேயும் தெனிக்கரும் குளோர்புரோமசின் என்னும் மருந்தின் பயனை மெய்ப்பித்தனர். 1950களின் இறுதிக்குள் அது நம் மருத்துவமனைகளிலும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. மருந்து வந்தால் ஆட்கள் குறையலாம் என்று கணக்கு அதிகாரிகள் எண்ணியிருப்பர். நடந்தது நேர்மாறானது. வார்டரின் தேவை குறைந்தது. மருத்துவரின் தேவை பெருகியது. பூட்டிய அறையில் இருப்பவனுக்கு ஒரு காவலாளி போதும். வீட்டிலிருந்து மாதந்தோறும் வந்து போகிறவனுக்கு மருத்துவர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர், பதிவேடு காக்கும் எழுத்தர் ஆகிய நால்வர் வேண்டும்.

மருத்துவமனைக்கும் துறைக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விளக்குவது நலம். மருத்துவமனை நோயாளியால் அமைகிறது. துறை ஆசிரியரால் அமைகிறது. பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் என்னும் படிகளும், அப்படிகளுக்கு ஏற்ற படுக்கைப் பிரிவுகளும், தேர்வாளரும், நூலகமும் கூடியபோதுதான் மேற்படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்கும். எத்தனை மாணவரைச் சேர்க்கலாம் என்பதும் ஆசிரியரின் எண்ணிக்கையைப் பொறுத்ததே. ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்று அந்த நாற்காலி வெறுமையாகக் கிடந்தால், அவ்வாண்டு ஒரு மாணவர் குறைவார். மூன்றாண்டுக்குப் பின் ஏதோ ஒரு மாவட்டத்துக்கு மருத்துவர் ஒருவர் குறைவார். அந்த மாவட்டத்து நோயாளிக்குச் சென்னையில் காலியான நாற்காலியைப் பற்றி எதுவும் தெரியாது.

கீழ்ப்பாக்கம் மருத்துவமனை சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மனநல நிறுவனமாக உயர்ந்தபின், துறையும் மருத்துவமனையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பட்டம் வழங்கும் பொறுப்பு நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 1988ஆம் ஆண்டில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கிண்டியில் தொடங்கியபின் அது அங்கே மாறியது.

துறை ஒன்று நிலைபெற்றதால் விளையும் பயனுக்கு ஒரு சான்று உண்டு. 1981ஆம் ஆண்டளவில் சென்னை மருத்துவக் கல்லூரியின் மனநோய்ப் பிரிவில், முதன்முறையாக மனச்சிதைவு நோய்க்கு ஆளான 90 பேரை மருத்துவர்கள் பதிவு செய்து, ஆண்டுதோறும் தொடர்ந்து பார்த்துவந்தனர். அவ்வாய்வில் முன்னின்றவர்களுள் எஸ். ராஜ்குமாரும் ஆர். தாராவும் குறிப்பிடத்தக்கவர். பத்தாண்டுக்குப் பின்னும் 76 பேரைக் கண்டறிய முடிந்தது. அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் அளவுக்கு நல்ல நிலையில் இருந்தனர். 'சென்னை நெடுங்கால ஆய்வு' என்று அது உலக அரங்கில் பெயர் பெற்றது. மனச்சிதைவு என்றால் வாழ்வு முடிந்தது என்று எண்ணியிருந்த பலருடைய கருத்தை அது அசைத்தது. வீடு மாறி, ஊர் மாறிப் போகும் நோயாளிகளைப் பத்தாண்டு தேடிச் செல்ல எத்தனை கால்கள் நடந்திருக்க வேண்டும்! கீழ்ப்பாக்கத்தை வசைச் சொல்லாக்கிய அதே நகரத்தின் பெயர்தான் அந்த நம்பிக்கையோடும் இணைந்திருக்கிறது.

அரசுத் துறையால் எல்லாவற்றையும் செய்ய இயலாது என்பதை அறிந்தவர்கள் மதிலுக்கு வெளியே வேறு இல்லங்களை எழுப்பினர். ஓய்வு பெற்ற சாரதா மேனன் 1984ஆம் ஆண்டில் தாரா முதலியோருடன் சேர்ந்து மனச்சிதைவு ஆய்வு நிறுவனமாகிய 'ஸ்கார்ப்'பைத் தொடங்கினார். நகரின் தெற்கே அடையாற்றில் சாந்தி ரங்கநாதன் 1980ஆம் ஆண்டில், குடிநோயாளருக்கென டி. டி. ரங்கநாதன் பெயரில் ஆய்வு நிறுவனம் அமைத்தார். அதே அடையாற்றுப் பகுதியில் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958ஆம் ஆண்டில் நிறுவிய தன்னார்வ மருத்துவப் பணி நிலையத்தில், குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்பச் சந்தா செலுத்தும் முறை இருந்தது. அங்கு மனநோய்த் துறையும் வளர்ந்தது. அத்துறையின் தலைவராகப் பணியாற்றிய லட்சுமி விஜயகுமார் 1986ஆம் ஆண்டில் 'ஸ்நேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். மயிலாப்பூரை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தில் அது இயங்கியது. அங்கே தொலைபேசியை எடுப்பவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற தொண்டர்கள். பூசன் செய்ததும் வித்யாசாகர் செய்ததும் இதுவே; சம்பளப் பட்டியல் போதாதபோது பரிவுள்ள மனிதரைப் பயிற்றுவித்தனர்.

ஆனால் தொண்டினால் எல்லாக் குறையையும் நிரப்பிவிடலாம் என்று எண்ணுவது பிழை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அண்டியிருந்த ஒரு காப்பகத்தில் தீப்பற்றி 28 மனநோயாளிகள் மாண்டனர். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். பாரிஸில் பூசன் விலங்கை அகற்றி 200 ஆண்டுகள் கடந்தபின் நடந்தது இது. காப்பகங்கள் மூடப்பட்டபோது பலர் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்தக் குடும்பங்கள் ஏன் ஏர்வாடிக்குச் சென்றன என்று கேட்டுப் பாருங்கள். பக்தி ஒரு காரணம். அருகில் மருத்துவர் இல்லை என்பது மற்றொன்று. மாவட்ட மனநலத் திட்டம் 1996ஆம் ஆண்டில் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றுள் திருச்சியும் ஒன்று. இராமநாதபுரம் அப்போது அதில் இல்லை.

நாடாளுமன்றம் 2017ஆம் ஆண்டில் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1912ஆம் ஆண்டின் சட்டம் பேசாத பொருளை இது பேசுகிறது. மனநலப் பணியாளரின் எண்ணிக்கையை மக்கள்தொகைக்கு ஏற்ப உலகம் ஏற்றுக்கொண்ட அளவுக்கு உயர்த்த, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பத்தாண்டுக்குள் அரசுகள் முயற்சி செய்ய வேண்டும் என்று அதன் 31ஆம் பிரிவு விதிக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பணிபுரியும் மருத்துவர்க்கு அடிப்படை மனநலப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. 2019ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி இந்தியாவில் ஒரு லட்சம் மக்களுக்கு மனநோய் மருத்துவர் 0.75 பேரே; மூவரேனும் வேண்டும் என்பர் துறையினர். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018ஆம் ஆண்டு மே 29ஆம் நாள். இன்று பள்ளியிறுதி வகுப்பில் படிக்கும் மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பட்டம் பெற்று, மேற்படிப்பையும் முடித்து, மாவட்ட மருத்துவமனை ஒன்றில் மனநோய் மருத்துவராக அமர ஏறத்தாழப் பத்தாண்டு ஆகும். அச்சட்டம் குறித்த கெடு 2028ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுறும்.